தம்பிக்குப் பாடிய கவிஞர்

ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் நந்திக்கடலும் நெருக்க, நடுவே நீண்டு கிடக்கும் மணல்நிலம் முள்ளிவாய்க்கால். அந்த மணலிலேதான் எனது இளமை கழிந்தது. கரைவலைத் தொழிலை நம்பி வாழ்ந்த எங்கள் குறிச்சியில் அந்நாளிலே வானொலிப் பெட்டி இருந்தது ஒரேயொரு வீட்டில். அது சம்மாட்டியார் வீடு. மாலையானதும் பெட்டி திண்ணைக்கு வரும். அதனை இயக்கும் பற்றறி பெட்டியைக் காட்டிலும் கனமானது. ஆடவர் வலையின் கிழிசல்களைச் சீர்செய்தபடி முற்றத்தில் அமர்ந்திருப்பர். பெண்கள் வேலிக்கு அப்பால் நிற்பர். நானும் எனது தம்பியும் திண்ணையின் தூணோடு ஒட்டிக்கொண்டிருப்போம். கொழும்பிலிருந்து திரைப்பாடல்கள் வரும். பாடியவர் சௌந்தரராஜனா, சீர்காழி கோவிந்தராஜனா, ஏ. எம். ராஜாவா என்பதை முதல் இழுப்பிலேயே சொல்லிவிட வல்லவன் என் தம்பி. சுசீலாவையும் ஜிக்கியையும் ஒருநாளும் அவன் மாறிச் சொன்னதில்லை.

ஆனால், அந்தப் பாட்டை யாத்தவர் யார் என்ற வினா எங்களுள் எவர்க்கும் எழுந்ததில்லை. திரையிலே வாயசைத்த நடிகரே அச்சொற்களையும் பிறப்பித்தார் என்றுதான் ஊரார் பலர் எண்ணியிருந்தனர். படத்தின் பெயரும் பாடகர் பெயரும் காதில் விழும். பாவலன் பெயர் விழுந்தாலும் மனத்தில் தங்குவதில்லை.

இளமையிலே கேட்ட பாட்டுகளுள் இன்றும் நெஞ்சில் நிற்பவை எவை என்று இலக்கிய வட்டத்து அன்பர் சிலர் அண்மையில் என்னை வினவினர். எண்ணி எழுதிப் பார்த்தேன். ஏறக்குறைய பத்துப் பாட்டுகள் தேறின. அவற்றுள் ஏழு ஒரே மனிதர் எழுதியவை. ஆதலால் பாட்டுகளை வரிசைப்படுத்துவதை விடுத்து அம்மனிதரின் வாழ்வைச் சொல்லுதலே முறையென்று துணிந்தேன். அவர்தாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

அவர் பெயரை நான் அறிந்தது ஒரு பாட்டுப் புத்தகத்தின் வாயிலாக. 1958ஆம் ஆண்டிலே வெளிவந்த நாடோடி மன்னன் படத்தை யாழ்ப்பாணத்துப் படமாளிகை ஒன்றிலே காணும் பேறு எனக்குப் பின்னர்க் கிட்டியது. வாயிலிலே சில சதங்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் பேருந்திலே அதனை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அன்றுதான் அந்தப் பெயர் என் கண்ணில் பட்டது. பட்டுக்கோட்டை என்பது பட்டமோ, விருதோ என்றுகூட மயங்கினேன். ஊர்ப் பெயரென்று பிறகே தெரிந்தது. முதிர்ந்த புலவராக இருப்பார் என்று எண்ணியிருந்த எனக்கு, அவர் என்னிலும் பதின்மூன்று வயதே மூத்தவர் என்ற செய்தி வியப்பை அளித்தது.

தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், பட்டுக்கோட்டைக்கு அருகே, செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அருணாசலம்பிள்ளை, அன்னையார் விசாலாட்சி. உழவுக் குடும்பம். தந்தையாரும் பாட்டுக் கட்டத் தெரிந்தவர். முசுகுந்தநாட்டு வழிநடைக் கும்மி என்றொரு நூலை அவர் இயற்றியிருக்கிறார். நடந்து போவோர் களைப்புத் தோன்றாதிருக்கப் பாடுவது வழிநடைப் பாட்டு. மகனுடைய பாட்டுகளையும் நாங்கள் அவ்வாறே பயன்படுத்தினோம். முள்ளிவாய்க்காலிலிருந்து முல்லைத்தீவுப் பட்டினத்துக்கு நடந்த நடைகளை எல்லாம் அவர் பாட்டாலேதான் நான் அளந்திருக்கிறேன்.

பள்ளிப் படிப்பு அவருக்கு இரண்டே ஆண்டுகள். அதன்பின் அவர் கற்றதெல்லாம் தொழில்களிடத்தே. அவர் செய்த தொழில்களை எண்ணியோர் பதினேழு என்பர். வயலில் உழுதார், மாடு மேய்த்தார், மாட்டு வாணிகமும் பார்த்தார். மாம்பழம் விற்றார், தேங்காய் விற்றார், இட்டலியும் முறுக்கும் விற்றார். தண்ணீர் வண்டி ஓட்டினார். உப்பளத்திலே கூலிக்கு நின்றார். மீனும் நண்டும் பிடித்தார். இந்தப் பட்டியலைத் தமிழ்நாட்டு வாசகர் ஒரு விந்தைச் செய்தியாகப் படிக்கக்கூடும். எங்களுக்கு அது விந்தையன்று. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அதிராம்பட்டினத்துக் கரையில் உப்பளங்கள் உண்டு. எங்களுக்கு வடக்கே ஆனையிறவிலே உப்பளம் உண்டு. உப்பு வாரியவன் பாதத்தில் வெடிப்பு எப்படி இருக்கும் என்பதும், நண்டு பிடித்தவன் விரல் எப்படி இருக்கும் என்பதும் எங்கள் வீடுகளிலேயே நாங்கள் கண்டவை. இடையிலே கிடப்பது பாக்கு நீரிணை ஒன்றுதான். அவர் எங்கள் ஆள் என்ற எண்ணம் எனக்கு அன்றே தோன்றிவிட்டது. இலக்கிய மதிப்பீட்டுக்கு இது பொருந்தாத அளவுகோல் என்று கற்றோர் கூறலாம். கூறட்டும்.

கவிதை அவரிடத்தே வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1946ஆம் ஆண்டு, அவருக்கு வயது பதினைந்து. துறையான்குளம் என்னும் ஏரியின் பக்கமாக வயலைப் பார்க்கப் போனவர் ஒரு வேப்பமர நிழலிலே அமர்ந்தார். காற்று வீசியது, நீர் அலைந்தது, தாமரைகளின் நடுவே இளங்கெண்டை ஒன்று துள்ளி மின்னி மறைந்தது. தம்மையறியாமலே சொற்கள் ஓசையோடு வாயில் வந்தன. அவ்வளவுதான் செய்தி. குருவருள் என்றோ தெய்வ அருள் என்றோ அவர் அதனை அலங்கரிக்கவில்லை. ஏரி, வேம்பு, மீன் என்று நிறுத்திக்கொண்டார். அந்த வேப்பமரத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். மீண்டும் ஓரிடத்தில் அது வரும்.

அக்காலத் தஞ்சை, நெற்களஞ்சியமாக இருந்தும் நெல்லை விளைத்தவன் பசித்திருந்த நாடு. பெருநிலக்கிழார்களுக்கு எதிராக உழவர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்த வேளையில் இளைஞரான கல்யாணசுந்தரம் அவ்வியக்கத்திலே இறங்கினார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் செல்வாக்கு அவர்மீது ஆழப் பதிந்தது. நாடகத்திலும் நாட்டம் இருந்தமையால் சக்தி நாடக சபாவிலே சேர்ந்து நடித்தார். பின்பு புதுச்சேரி சென்று பாரதிதாசனை அடைந்து, அவர்க்கு மாணவராய் அருகிருந்து எழுத்துத் தொண்டு செய்தார். எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலைப்பிலே ஆசிரியர்க்கு வாழ்த்தெழுதிவிட்டே அவர் தொடங்குவார் என்பர். 1954ஆம் ஆண்டளவில் ஜனசக்தி ஏட்டிலே அவர் கவிதைகள் வரலாயின. கண்ணின் மணிகள் என்ற நாடகத்துக்கும் பாட்டெழுதினார்.

பாரதிதாசனிடம் அவர் பெற்றதும் விட்டதும் எவை என்பது ஆராய்வதற்குரியது. ஆசிரியரின் நடையிலே சங்கத் தமிழின் மிடுக்கும் முழக்கமும் உண்டு. மாணவர் அந்த முழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எதுகையையும் ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டார். சொல்லை மட்டும் தம் ஊர் வயலிலிருந்து எடுத்தார். படியாதவன் ஒருமுறை கேட்டுப் பொருள் கொள்ளவும், மறுமுறை கேட்கையில் பாடிவிடவும் தக்கவாறு எழுதுதல் எளிதென்று நினைப்போர், நான்கு அடிகள் எழுதிப் பார்த்தால் போதும்.

1955ஆம் ஆண்டளவிலே அவர் படவுலகில் நுழைந்தார். முதலில் எழுதியது படித்த பெண் படத்துக்கு என்றும், முந்தி வெளிவந்தது மகேஸ்வரி என்றும் கூறுவர். 1956ஆம் ஆண்டில் வந்த பாசவலையே அவர்க்கு நிலைபேறு தந்தது. அப்படத்துக்கு விசுவநாதனும் இராமமூர்த்தியும் இசை. புதியவர் ஒருவரை ஏற்க விசுவநாதன் தொடக்கத்தில் தயங்கினாராம். பின்னர்க் கவிஞர் எழுதியனுப்பிய பாட்டைப் படித்ததும், இத்தகையவரைக் காணாமலே காக்க வைத்தோமே என்று வருந்தினாராம். இச்செய்தியை விசுவநாதனே முதுமையிற் பலமுறை மனந்திறந்து சொல்லியிருக்கிறார். தப்பி வந்த ஆட்டுக்குட்டி யாருக்கு உரிமையாகும், மாட்டிக்கொண்ட குள்ளநரி யாருக்கு உரிமையாகும் என்று தொடங்கி, மனிதன் சேர்த்தது யாருக்கு என்று முடியும் பாட்டு அது. சித்தர்கள் சொன்ன பொருள்தான். ஆயினும் ஆடு மேய்த்தவன் சொல்லும்போது அதன் சுவை வேறு.

இங்கே கடல் கடந்து எங்கள் கரைக்கு அப்பாட்டுகள் எவ்வாறு வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1952ஆம் ஆண்டிலே இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அவர்கள் திரையிசையைத் தரங்குறைந்தது என்று கருதினார். அகில இந்திய வானொலியிலே அப்பாட்டுகள் அருகி மறைந்தன. அவ்வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்கெனக் கொழும்பிலே நிறுவப்பட்ட ஆற்றல்மிகு ஒலிபரப்பிகள் அதன் கைக்கு வந்திருந்தன. போருக்காக எழுந்த கம்பத்திலிருந்து பாட்டு வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் மக்கள் தம் நாட்டுப் பாட்டை இலங்கையிலிருந்தே கேட்டனர். 1957ஆம் ஆண்டு அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அப்பழக்கம் விடவில்லை. நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் எங்கள் மாலைகளின் கடிகாரமாயின. எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட ஆசிரியர் பலரை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

நாடோடி மன்னனிலே கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளுள் இரண்டு எங்கள் ஊரைப் பிடித்து ஆட்டின. ஒன்று, தரிசு நிலத்தைக் கொத்திப் பண்படுத்தும் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. அவள் குறை சொல்ல, அவன் விடை சொல்ல, விளைந்தது எங்கே போயிற்று, விளைத்தவன் கையில் எஞ்சியது என்ன என்று வினாவும் விடையுமாக வளர்வது. எங்கள் கரையிலே வலையிழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டின் அமைதி அதிலே இருந்தது. அம்பாவிலே மீன் வரும், காற்று வரும், தெய்வம் வரும்; மடியிலே விழுந்த மீனில் இழுத்தவன் பங்கு எவ்வளவு என்ற கேள்வி வருவதில்லை. அந்தக் கேள்வியை அம்பாவுக்குள் கொண்டுவந்தது இந்தப் படப்பாட்டு. சம்மாட்டியார் வீட்டுத் திண்ணையிலேயே, அவர் பெட்டியிலேயே அது ஒலித்தது. அவர் நல்ல மனிதர். தாமும் தலையாட்டிக் கேட்டார்.

மற்றையது, சௌந்தரராஜன் பாட, சுப்பையாநாயுடு இசையமைத்தது. உறங்கும் தம்பியை விழிக்கச் சொல்வது. படையிலும் பள்ளியிலும் கடையிலும் கண்ணயர்ந்தோர் எதை எதை இழந்தனர் என்று அடுக்கி, காலத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு விதியை நோவோரை எள்ளி நகையாடும் பாட்டு. என் தம்பியோ உறக்கத்திலே பெரும் பற்றுடையவன். வைகறையிலே வலையிழுக்கப் போகவேண்டும், அவன் எழான். அப்பாட்டு வந்த நாளிலிருந்து நான் அவனைக் கையால் தட்டி எழுப்பியதில்லை. தலைமாட்டில் நின்று பாடுவேன். போர்வைக்குள்ளிருந்து அவன் என்னை வைவான். அண்ணைக்கு இந்த ஒரு பாட்டுத்தான் தெரியும் என்று ஊரெங்கும் சொல்லித் திரிந்தான். நாங்கள் இருவரும் குடும்பம் கண்டு தனித்தனி வளவுகளில் வாழ்ந்த காலத்திலும், அவன் வாயிலால் போகும்போது அந்த மெட்டைச் சீழ்க்கையடித்துக்கொண்டுதான் போவேன்.

கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று எனக்குப் புலப்பட்டது. அவர் அறம் சொல்ல வரும்போதெல்லாம் அவருக்கு முன்னே ஒரு சிறுவன் நிற்பான். ஓரிடத்தில் தம்பி, ஓரிடத்தில் சின்னப் பயல், ஓரிடத்தில் பாப்பா. பெரியோர்க்கு அவர் உபதேசம் செய்வது அரிது. பெரியோரைப் பற்றிச் சிறுவனிடம் சொல்வார். அரசிளங்குமரிப் பாட்டிலே உடலோடு அறிவும் வளரவேண்டும் என்று பயலுக்குச் சொல்லிவிட்டு, வேப்பமரத்து உச்சியிலே பேய் ஆடுகிறது என்று உன்னை வெருட்டுவார்கள், நம்பாதே என்கிறார். அவரது முதற் கவிதைக்கு நிழல் தந்ததும் வேப்பமரமே. தமக்குப் பாட்டுத் தந்த மரத்திலே பேயைக் குடியேற்றுவதை அவர் எங்ஙனம் பொறுப்பார்? திருடாதே படப்பாட்டிலும் குழந்தையிடம் திருடாதே என்று சொல்வதோடு நிற்கவில்லை. பதுக்குவோன் இருக்கும்வரை திருட்டு ஒழியாது என்ற நியாயத்தையும் அந்தப் பிஞ்சுக்கே விளக்குகிறார். ஆத்திசூடியும் பிள்ளைக்குத்தான் சொல்லப்பட்டது. ஆனால் அது ஆசானின் ஆணை. இது அண்ணன் தோளிலே கைபோட்டுச் சொல்வது.

அக்காலத்திலே நான் ஆசிரிய கலாசாலையிற் பயின்றபோது, என் பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகக் கட்டைக் கண்ட விரிவுரையாளர் ஒருவர், நாளைய ஆசிரியன் கையிலே நஞ்சு இருப்பதாகச் சொல்லி அதனைப் பறித்துக்கொண்டார். ஒரு தவணை கழிந்தே திருப்பித் தந்தார். பின்னர் நான் வகுப்பறையிலே நின்ற முப்பத்தைந்து ஆண்டுகளில், பாடநூல் கைவிட்ட இடத்திலே அந்த நஞ்சு எத்தனையோ முறை கைகொடுத்தது. நூல் நூற்றுத் துணி நெய்வோரைப் பற்றிப் புதையல் படத்துக்கு அவர் எழுதிய பாட்டை வைத்துக்கொண்டு ஒரு நெசவுப் பாடமே நடத்தியிருக்கிறேன். மாதச் சம்பளம் கைக்கு வந்து பைக்கு வராமற் போகும் மாயத்தை நகைச்சுவையாகச் சொல்லும் இரும்புத்திரைப் பாட்டு, ஆசிரியர் ஓய்வறையின் தேசிய கீதமாகவே விளங்கிற்று.

அவர் எழுதியன யாவும் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் இருநூறை ஒட்டிய பாட்டுகளை எழுதிய ஒருவரிடம், காட்சிக்கு வேண்டியபடி கோத்துக்கொடுத்த வெறுஞ்சொற்களும் இருக்கத்தான் செய்யும். 1959ஆம் ஆண்டிலே ஸ்ரீதர் இயக்கி, ஏ. எம். ராஜா இசையமைத்த கல்யாணப் பரிசு வந்தது. எல்லாப் பாட்டும் கல்யாணசுந்தரத்துடையவை. எல்லாம் காதலும் பிரிவும். பதினாறு வயதின் வீறாப்பிலே, ஏழையின் கவிஞர் காதலின் பக்கம் போய்விட்டாரே என்று அவர்மீது நான் கோபங்கொண்டேன். அப்பாட்டுகளை அழுதபடி கேட்ட என் அக்காளை நகைத்தேன். இளைய பெண் தன் காதலைத் தமக்கைக்கு விட்டுக்கொடுக்கும் கதை அது. விட்டுக்கொடுத்தலே வாழ்க்கையாகிப்போன பெண்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் வேலிக்கு அப்பால் நின்று அதனைக் கேட்டார்கள் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் சென்றன.

கோபம் ஆறுமுன்னே அவர் மறைந்துவிட்டார். 1957ஆம் ஆண்டிலே கௌரவாம்பாளை மணந்தவர். மைந்தன் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மூக்கிலே செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையை அடுத்து மூளையிலே குருதிக் கசிவு ஏற்பட்டு, 1959ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சென்னையிலே உயிர் நீத்தார். வயது இருபத்தொன்பது. நாளிதழ் எங்கள் கரைக்கு வரும்போது செய்தி பழையதாகிவிடும். எங்களுக்குச் செய்தி எட்டுமுன்னே அவர் உடல் எரிந்து சாம்பலாகியிருந்தது. என் தம்பி அன்று மாலை சம்மாட்டியார் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வரவில்லை.

விந்தை அதற்குப் பின்னர்தான். இரும்புத்திரை 1960ஆம் ஆண்டிலே வந்தது. அரசிளங்குமரியும் திருடாதேயும் 1961ஆம் ஆண்டிலே வந்தன. சின்னப் பயலுக்குச் சொன்ன அறிவுரையும் பாப்பாவுக்குச் சொன்ன அறிவுரையும், சொன்னவர் மறைந்து ஓராண்டுக்கும் மேலான பின்னரே உலகின் செவியில் விழுந்தன. அப்போது அவர் மைந்தனுக்கு இரண்டு வயது நிரம்பியிருக்காது. தந்தை மடியிலிருந்து அப்பிள்ளை கேட்கவேண்டிய சொற்களை, ஊரார் பிள்ளைகளோடு சேர்ந்து வானொலியிலே கேட்டு வளர நேர்ந்தது. அப்பாட்டுகளைக் கேட்குந்தோறும் இந்நினைவு வராமல் இருந்ததில்லை.

அப்பாட்டுகளைத் திரையிலே தாங்கிய எம். ஜி. இராமச்சந்திரன் 1977ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு முதலமைச்சரானார். தமது நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்ற கருத்துப்பட அவர் நன்றி பாராட்டியதுண்டு. 1993ஆம் ஆண்டிலே கவிஞரின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பட்டுக்கோட்டையிலே மணிமண்டபமும் எழுந்தது. இவை தமிழ்நாட்டார் நன்கறிந்தவை. என் கரையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் போரிலே வீழ்ந்தபின், வன்னியின் மக்கள் இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, ஈற்றிலே எங்கள் மணலுக்கு வந்து சேர்ந்தனர். இரு நீர்களுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லாதபடி கூடாரங்கள். எங்கள் வளவிலும் பதுங்கு குழிகள் வெட்டப்பட்டன. மணலாதலால் வெட்ட வெட்டச் சரியும். பெண்கள் தம் சேலைகளைப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அண்டை கொடுத்தனர். நானும் தம்பியும் முதியவர்கள். எங்கள் குழியிலே யாரென்று அறியாத குடும்பங்களின் குழந்தைகள் நால்வர் இருந்தனர். கஞ்சி கிடைத்த நாளில் அவர்களுக்கே முதல். இரவில் எறிகணையின் ஓசைக்கு அவர்கள் உறங்கமாட்டார்கள்.

ஏதேனும் பாடச் சொன்னான் தம்பி. பதிபக்தி படத்துக்குக் கல்யாணசுந்தரம் எழுதிய தாலாட்டு ஒன்று உண்டு, சுசீலா பாடியது. 1958ஆம் ஆண்டிலே கேட்டது. எனக்குச் சொல்லெல்லாம் நினைவிருந்தது, குரல்தான் இல்லை. மெல்லப் பாடினேன். இரண்டு குழந்தைகள் கண்ணயர்ந்தனர். தம்பி இருட்டிலே சிரித்தான். ஐம்பது ஆண்டுகளாக உறங்காதே என்று பாடி வதைத்த அண்ணைக்கு இப்போதாவது ஓர் உறக்கப் பாட்டு வாய்த்ததே என்றான்.

அதற்கு மூன்றாம் நாள், தண்ணீருக்குப் போனவன் திரும்பவில்லை. நாங்கள் சென்று பார்த்தபோது உறங்குவதுபோலவே கிடந்தான். அவன் விளையாடிய மணலிலேயே அவனை வைத்தோம். மே மாதம் 17ஆம் நாள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வெறுங்கையோடு வெளியேறினேன். சீலைத்துண்டிற் கட்டி ஐம்பது ஆண்டு காத்த பாட்டுப் புத்தகங்கள் குழியிலேயே கிடந்தன.

செட்டிகுளத்து முகாமிலே ஒருநாள் அயற்கூடாரத்தில் யாரோ அந்த நாடோடி மன்னன் பாட்டை ஒலிக்கவிட்டனர். நான் எழுந்து வேலிக்கரை வரையும் நடந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பின்னரும் அப்பாட்டு வந்தால் பெட்டியை நிறுத்திவிடுவது எனக்கு வழக்கமாயிற்று. பாவம், பாட்டு என்ன செய்யும்!

சில ஆண்டுகளுக்கு முன் தம்பியின் பேரன் பள்ளி விழாவிலே பாடுவதற்கு ஒரு பாட்டைப் பயின்றுகொண்டிருந்தான். வேறெந்தப் பாட்டுமன்று, அதே பாட்டுத்தான். அவன் பாட்டன் அதனை எப்படிக் கேட்டான் என்பது பிள்ளைக்குத் தெரியாது. மூன்றாம் பகுதியிலே சொல் தடுமாறியது. ஆசிரியப் புத்தி விடவில்லை, திருத்தினேன். திருத்துவதற்காக முழுதும் பாடவேண்டியிருந்தது. பாடி முடித்தபின், இதை எழுதியவர் யார் என்று அவனைக் கேட்டேன். நாங்கள் சொன்ன விடையையே அவனும் சொன்னான்: நடிகரின் பெயர். அன்றிரவு அவனுக்குச் செங்கப்படுத்தான்காட்டையும் துறையான்குளத்தையும் பற்றிச் சொன்னேன். இருபத்தொன்பது வயதிலே இறந்தவர் என்றதும், தன் தந்தையிலும் இளையவரா என்று கேட்டு வியந்தான்.

மறுநாள் பள்ளிக்குச் சென்று, பாட்டை அறிவிக்கும்போது எழுதியவர் பெயரையும் சொல்லுமாறு ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. விழாவன்று முன்வரிசையிலே எனக்கு நாற்காலி போட்டார்கள். அறிவிப்புச் செய்ய வந்த சிறுமி தாளைப் பிரித்து, படத்தின் பெயரைச் சொன்னாள். பாடகர் பெயரைச் சொன்னாள். பிறகு கவிஞரின் பெயரைச் சொன்னாள். நீண்ட பெயராகையால், ஊருக்கும் பெயருக்கும் நடுவிலே ஒருமுறை மூச்செடுத்துக்கொண்டு சொன்னாள்.